நூற்புறத்து எடுத்துக்காட்டு: நிரல் நூல்களுடன் வரும் குறுவட்டுப் பற்றி ஓர் ஆய்வு

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் நூல்களின் பின்னட்டையில் ஓர் உறை ஒட்டி, அதனுள் முன்பு நெகிழ்வட்டும் பின்பு குறுவட்டும் வைத்து வெளியிடும் வழக்கம் 1980களின் இடைப்பகுதி தொடங்கி 2010 அளவும் பரவலாக நிலவியது. நூலிற் கண்ட எடுத்துக்காட்டு நிரல்கள் அவ்வட்டிற் கோப்புகளாக அமைந்திருக்கும். கற்பார் அவற்றைத் தட்டச்சிடாமலே இயக்கிப் பார்க்கலாம். இவ்வட்டு நூலின் உறுப்பா, நூலோடு உடன்வந்த பிறிதொரு பொருளா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. நூலகத்தார் அதனைத் துணைப்பொருள் என வேறாகப் பதிவர். பதிப்பகத்தார் அதனை விற்பனைக்கு உதவும் சிறப்பென அட்டையில் விளம்புவர். ஆசிரியருட் சிலர் அது மாணாக்கரைச் சோம்பராக்கும் என வெறுப்பர். இம்மூவர் கருத்தும் ஒருபுடை உண்மையுடையனவேனும் வினாவிற்கு விடையாகா.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். விதி ஓரிடத்தும் அதற்குரிய எடுத்துக்காட்டு வேறோரிடத்தும் நிற்க, இரண்டையும் ஒருங்கே கொண்டு கற்கும் முறை தமிழிலக்கண உலகில் நெடுங்காலம் பயின்றதாகும். அம்முறையின் நன்மை தீமைகளை நன்கறிந்தோர் நம் உரையாசிரியரே. ஆதலின் நிரல் நூல்களை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் நம்மிடத்தே உளது. அதனை எடுத்துப் பயன்படுத்தாமையே குறை.

தொல்காப்பியம் விதியை நூற்பாவிற் கூறிச் செல்லும். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் தருபவர் இளம்பூரணர் முதலிய உரையாசிரியர். தண்டியலங்காரத்தில் எடுத்துக்காட்டுச் செய்யுள்களும் நூலாசிரியராற் செய்யப்பட்டனவே என்பது மரபு. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்திற்கோ எடுத்துக்காட்டு முழுவதும் தனி நூலாகவே நிற்கிறது. பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவை நானூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களால் அவ்விலக்கணத்தின் துறைகளுக்கு இலக்கியமாய் அமைந்தது. ஒன்றைக் கையில் வைத்து மற்றொன்றைப் புரட்டிக் கற்பதே அதனைக் கற்கும் முறை. பாண்டிக்கோவையின் நிலை இதற்கு மறுதலை. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக எடுத்தாளப்பட்டமையால் அதன் முந்நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள் நமக்குக் கிடைத்தன. ஆண்டு எடுத்துக்காட்டைக் காத்தது உரை. யாப்பருங்கல விருத்தியும் அவ்வாறே. அதன் மேற்கோள்கள் இல்லையேல், மறைந்த நூல்கள் பலவற்றின் பெயரும் நமக்குத் தெரியாது போயிருக்கும்.

இவற்றினும் நம் வினாவிற்கு அணித்தாவது யாப்பருங்கலக் காரிகை. அந்நூலுள் விதி கூறும் காரிகைகளோடு முதல்நினைப்புக் காரிகைகளும் இடையிடையே வருகின்றன. இன்ன விதிக்கு இன்ன எடுத்துக்காட்டு என அச்செய்யுள்களின் தொடக்கச் சொற்களை மட்டும் கோத்துக் கூறுவனவே அவை. எடுத்துக்காட்டுச் செய்யுள் நூலில் இல்லை; அது மாணாக்கன் நினைவில் இருப்பதாகக் கொண்டு, நினைவைத் தூண்டும் சொல்லை மட்டும் நூல் தருகிறது. நினைவே ஈண்டு வட்டு. முதல்நினைப்பே அவ்வட்டின் பொருளடைவு. இவ்வொப்புமையில் ஒரு நுட்பம் உண்டு. முதல்நினைப்புச் சுட்டுவது செய்யுளையே; செய்யுள் வைக்கப்பட்ட இடத்தை அன்று. ஆதலின் அச்செய்யுளை ஒருவன் மறந்தால் மற்றொருவனிடம் கேட்டுப் பெறலாம். ஓர் ஏடு சிதைந்தால் மற்றோர் ஏட்டிற் காணலாம். குறுவட்டோடு வரும் நூல்களிற் பல சுட்டுவது இடத்தையே. மூன்றாம் இயலின் ஐந்தாம் நிரல் வட்டில் இன்ன அடைவில் இன்ன பெயரிய கோப்பில் உளது என்று மட்டும் கூறி அமைந்தால், வட்டு முறிந்த அன்றே அந்நூலின் அப்பகுதி ஊமையாகிவிடும்.

இனி நிரல் நூல்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலுக்கு வட்டு இல்லை. ஆயினும் அதிலுள்ள நிரல்கள், அச்சிற்கு அமைந்த பாடத்திலிருந்தே நேரே எடுத்து இயக்கிச் சோதிக்கப்பட்டவை என்பதை ஆசிரியர்கள் முன்னுரையில் அறிவித்துள்ளனர். அச்சுப்பாடமும் இயங்குபாடமும் ஒன்றே என்பதற்கு ஆசிரியர் தரும் உறுதி அது. சுவடிப் பதிப்பில் உழைத்தோர் இவ்வுறுதியின் அருமையை நன்குணர்வர். டொனால்டு நூத் 1984இல் விளக்கிய முறை இன்னும் ஒருபடி மேற்சென்றது. நிரலும் அதன் உரையும் ஒரே கோப்பில் எழுதப்படும். ஒரு கருவி அதிலிருந்து கணிப்பொறிக்குரிய நிரலைப் பிரித்தெடுக்கும். மற்றொன்று மாந்தர் படித்தற்குரிய நூலை நெய்து தரும். டெக் எனும் அச்சுக்கோப்பு நிரலை அவர் இம்முறையிலே எழுதி 1986இல் முழுநூலாகவே வெளியிட்டார். மூலமும் உரையும் ஒன்றாய்ப் பிறந்தமையின் ஆண்டுப் பாடபேதத்திற்கு இடமில்லை.

ஆந்திரூ தானென்பாம் 1987இல் வெளியிட்ட இயக்குதள நூல் மினிக்ஸ் என்னும் முழுத் தளத்தின் மூலநிரலை, ஏறத்தாழ 12,000 வரிகளை, பின்னிணைப்பாக அச்சிட்டது. வரிதோறும் எண் இருந்தது. விளக்கப் பகுதி அவ்வெண்ணைச் சுட்டியே நடந்தது. இயங்கும் வடிவம் நெகிழ்வட்டுகளிற் தனியே விற்கப்பட்டது. 1997இல் வந்த இரண்டாம் பதிப்பிற் குறுவட்டு உடன்சேர்ந்தது. இந்நூலின் வட்டு இன்று ஒருவனுக்குக் கிட்டாது போயினும் நூல் பொருளிழக்காது. நூற்பா எண்ணைச் சுட்டி உரை செல்வது போன்ற இவ்வமைப்பையே யாம் நல்லமைப்பெனக் கொள்வோம்.

1990களில் நிலை மாறிற்று. விண்டோஸ் தளத்துக்குரிய நிரல்கள் நீண்டன. ஒரு சிறு சாளரத்தைத் திரையிற் காட்டுதற்கே பல பத்து வரிகள் வேண்டின. பக்கம் பெருகுமென அஞ்சிய பதிப்பாளர், நிரலின் நடுவிலுள்ள சில வரிகளை மட்டும் அச்சிட்டு, எஞ்சியதை வட்டிற் காண்க என்றனர். குறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 650 மெகாபைட்டு. ஒரு நூலின் நிரல் முழுவதும் அதில் ஒரு மூலையிலும் அடங்கும். எஞ்சிய இடத்தை விளம்பர மென்பொருள்களால் நிரப்பினாரும் உளர். எடுத்துக்காட்டு அச்சிலிருந்து வெளியேறியது இக்காலத்தே. அது தேவையால் நேர்ந்ததென்பர் சிலர். தேவை ஓரளவே, சோம்பல் பேரளவு என்பது எம் கருத்து.

வட்டைப் பயன்படுத்துவார்க்கு முதலில் எதிர்ப்படுவது பாடபேதமே. அச்சிற் கண்டதொன்று, வட்டிலுள்ளது மற்றொன்று. அச்சுக்கோப்பவர் நேரான மேற்கோட்குறியை அழகுக்காக வளைகுறியாக்கிவிடுவார். நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி அதனை ஏலாது. எண் ஒன்றும் எல் என்னும் ஆங்கில எழுத்தும் மயங்கும். சுழியும் ஓ என்னும் எழுத்தும் மயங்கும். நீண்ட வரி அச்சில் முறியும்போது முறிவு பொருளுடையதோ அன்றோ எனத் தெரியாது. ஏடெழுதுவோர் பிழையென நாம் வகுத்துக் கூறுவனவெல்லாம் ஈண்டும் உள. தமிழில் வந்த நூல்களில் மேலும் ஓர் இடர்ப்பாடு. ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் எழுத்துருக்களிற் சில ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை ஏற்றியவை. பத்திக்கு எழுத்துரு மாற்றும்போது நடுவே நின்ற நிரல்வரியும் தமிழெழுத்துக் குவியலாக மாறிவிடும். அதன் மறுதலையும் நிகழ்ந்தது: பழைய குறியீட்டில் தமிழ்த்தொடர் வைத்து எழுதிய நிரலை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழக அரசு 1999இல் டாப், டாம் குறியீடுகளையும், 2010இல் ஒருங்குறியையும் தேஸ்-16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. இக்காலவெல்லை அறியாது பழைய வட்டைத் திறப்பவன், எழுத்து வளர்ச்சி அறியாது கல்வெட்டைப் படிக்கப் புகுந்தவனை ஒப்பான்.

இவற்றுள் எப்பாடம் கொள்ளத்தக்கது? வட்டுப்பாடம் இயங்குவதால் அதுவே சரியென்பார் பலர். இயங்குதல் ஒன்றே பாடத்திற்குச் சான்றாகாது. வட்டிலுள்ள கோப்பு ஆசிரியர் பின்னர்த் திருத்தியதாகலாம். அன்றி, நூல் முடியுமுன் எழுதிய முன்வரைவாகவும் இருக்கலாம். விளக்கப் பகுதி எவ்வடிவை நோக்கி எழுதப்பட்டதோ அதுவே அந்நூலின் பாடம் எனக் கொள்ளுதல் முறை. உரைக்கு இயைந்த பாடமே மூலபாடம் எனத் துணியும் நம் பதிப்பாசிரியர் வழக்கும் இதுவே.

பாயிரக் குறையும் சொல்லற்பாலது. சிறப்புப் பாயிரம் ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, கேட்போர் முதலியவற்றைக் கூறவேண்டும் என்பது இலக்கணம். வட்டுகளிலும் ரீட்மி எனப் பெயரிய கோப்பொன்று முன்னிற்கும். அதில் எல்லை கூறப்படுதல் இன்றியமையாதது. எத்தளத்தில், எந்நிரல்பெயர்ப்பியின் எப்பதிப்பில் இந்நிரல்கள் இயங்கும் என்பதே அவ்வெல்லை. இது கூறாத வட்டுகள் பல. போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி++ கொண்டு எழுதிய நிரல்கள் ஐஓஸ்ட்ரீம்.எச் என்னும் தலைப்புக் கோப்பை அழைக்கும். 1998ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தரத்தில் அப்பெயர் எச் இன்றி வழங்கலாயிற்று. பின்வந்த நிரல்பெயர்ப்பிகள் பழம்பெயரை ஏற்கா. வரைகலை நிரல்களிலோ, ஆசிரியர் தம் கணிப்பொறியில் டர்போ சி வைத்திருந்த அடைவின் முழுப்பாதையே எழுதப்பட்டிருக்கும். பிறர் கணிப்பொறியில் அது தன் வீட்டு முகவரியைத் தேடி அயலூரில் அலையும்.

இவ்விடர்ப்பாடுகள் எவர்க்கு மிகுதி? சேலம், நாமக்கல் சமவெளியின் கல்லூரிகளை எண்ணிப் பார்ப்பது தகும். நாமக்கல் தனி மாவட்டமானதும், சேலத்திற் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியதும் 1997ஆம் ஆண்டிலேயே. அவ்வாண்டை ஒட்டித் திருச்செங்கோடு, இராசிபுரம், சங்ககிரி வட்டாரங்களிற் கணிப்பொறிக் கல்வி விரைந்து பரவியது. தறியும், லாரியும், கோழிப்பண்ணையும், மரவள்ளியும் வாழ்வாகக் கொண்ட குடும்பங்களின் முதல் தலைமுறை மாணாக்கர் பலர் அதிற் சேர்ந்தனர். வீட்டிற் கணிப்பொறி இல்லை, நூலோ ஆங்கிலத்தில். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இற்றான் தொடங்கிற்று. ஆதலின் ஆய்வகத்திற் கிடைக்கும் சில மணி நேரமே இயக்கிப் பார்த்தற்குரிய காலம். அந்நேரத்தில் முந்நூறு வரி நிரலைத் தட்டச்சிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இவர்க்கே வட்டு மெய்யாகத் தேவை. இவர்க்கே அது கிட்டாமலும் போகும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய படியில் உறை வெறுமையாயிருக்கும். நூலகங்களில் முறிந்துவிடும், களவுபோகும் என அஞ்சி வட்டைப் பிரித்துப் பேழையிற் பூட்டி வைப்பது பொதுவழக்கு. நூலை எடுத்துச் செல்வோன் வட்டு உளதென்பதையே அறியான். அறிந்து கேட்டவனுக்கும் இன்று பயனில்லை; புதிய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் குறுவட்டுச் செலுத்தும் வாயில் இல்லை.

வட்டு மாணாக்கரைச் சோம்பராக்கும் என்னும் கருத்தை இனி ஆராய்வோம். கையால் தட்டச்சிட்டவனே கற்பான் என்பர். திண்ணைப்பள்ளியில் மணலில் எழுதி, பின் தனக்குரிய சுவடியைத் தானே எழுதிக்கொண்டவன் பெற்ற பயன் இதற்கு ஒப்பு. அரைப்புள்ளி ஒன்றை விட்டு, பிழைச்செய்தி பெற்று, அதனைத் தேடிக் கண்டவன் அவ்விதியை மறவான். இது பத்து இருபது வரி நிரலுக்கு முற்றும் பொருந்தும். நீண்ட நிரலுக்குப் பொருந்தாது. ஆண்டுத் தட்டச்சு விரலுக்குப் பயிற்சியேயன்றி அறிவுக்கு அன்று. இது தொடர்பாக நூமெரிக்கல் ரெசிபீஸ் என்னும் எண்கணிப்பு நூலின் உரிமை விதி கருதத்தக்கது. 1986இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிட்டது. நூலை விலைக்குப் பெற்றவன் அதிலுள்ள நிரலைத் தன் கையால் தட்டச்சிட்டால், தன் சொந்தப் பயனுக்கு ஒரு கணிப்பொறியில் இயக்கிக்கொள்ள உரிமை பெறுவான். வட்டுகள் தனியே விற்கப்பட்டன. அவற்றைப் பிறர்க்குப் படியெடுத்தல் கூடாது. கையால் எழுதினார்க்கு உரிமை என்பது ஏடெழுதிய காலத்து நெறி போலத் தோன்றினும், நோக்கம் கல்வியன்று, வாணிகமே. உறையைக் கிழித்தாலே நிபந்தனைக்கு உடன்பட்டதாகும் என அச்சிட்ட நூல்களும் பல உண்டு. நூலகத்தில் முதன்முதல் அவ்வுறையைக் கிழித்தவர் யார் சார்பில் உடன்பட்டார் என்பதை எவரும் வினவியதில்லை.

சோம்பல் வட்டினால் வருவதன்று. வட்டை இயக்கி, விடை வந்ததும் மூடிவிடுவதால் வருவது. இறையனார் களவியல் உரை, உரையாவது கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலம் கூறல் என நால்வகைத்து என்னும். இந்நான்கும் நிரல் கற்றற்கு முற்றும் பொருந்தும். நிரல் எதனைச் செய்யக் கருதியது என அறிதல் கருத்து. வரிவரியாகப் பிரித்து ஒவ்வொன்றின் தொழிலைக் காண்டல் கண்ணழிவு. திரட்டி, இன்ன உள்ளீட்டிற்கு இன்ன விடை வரும் என இயக்குமுன் தாளில் எழுதிக் கொள்ளுதல் பொழிப்பு. இதற்கு வட்டும் வேண்டா, கணிப்பொறியும் வேண்டா, பேருந்திலிருந்தே செய்யலாம். வட்டுக்குரிய இடம் அகலம். வினாவும் விடையுமாக விரிப்பதே அகலம் ஆதலின், நிரலில் ஒரு மதிப்பை மாற்றி, ஒரு வரியை நீக்கி, ஒரு நிபந்தனையைத் தலைகீழாக்கி, என்ன நேரும் எனக் கணிப்பொறியை வினவுதலே அஃதாம். ஆய்வகத்துச் சில மணி நேரம் இதற்குச் செலவாகுமாயின் வட்டின் பயன் நிரம்பும். பல நிரல் நூல்கள் பொழிப்பை ஆசிரியரே கூறி முடித்துவிடுகின்றன. அகலத்திற்கு வழி காட்டுவன சிலவே. விண்டோஸ் 95, 98 காலத்தில் குறுவட்டிலிருந்து படியெடுத்த கோப்புகள் வாசிப்புக்கு மட்டும் என்னும் முத்திரையோடே வன்வட்டிற்கு வந்தன. மாற்றிச் சேமிக்கப் புகுந்த மாணாக்கனைக் கணிப்பொறி தடுத்தது. அம்முத்திரையை நீக்கும் வழியை நூல் கூறாவிடின், எடுத்துக்காட்டைத் தொடலாகாது என்றே அவன் எண்ணியிருப்பான்.

இவ்வட்டாரத்து நெசவுத் தொழிலும் இதனைத் தெளிவாக்கும். இளம்பிள்ளை முதலிய ஊர்களில் சேலைக் கோலத்திற்கு ஜக்கார்டு அட்டை பூட்டுவர். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்றாகத் துளையிட்டுக் கோத்த தொடர் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிற் பிறந்து, பாபேஜின் கணிப்பு எந்திரத்திற்குக் கருத்து வழங்கிய அமைப்பும் அதுவே. அட்டையைப் பூட்டி ஓட்டுவோர் ஒரு கோலத்தைப் பிழையின்றி நெய்வர். கட்டத்தாளில் கோலம் எழுதி அட்டை அடிக்கத் தெரிந்தவரோ அட்டை கிழிந்தால் புதிதாக அடிப்பர். கரையை மாற்றென்றால் மாற்றுவர். கட்டத்தாள் ஈண்டு நூல், அட்டை வட்டு. நன்னூற் பாயிரம் நூல் செய்தலைப் பஞ்சிலிருந்து இழை நூற்றலோடு உவமித்தது. கொங்குநாட்டோடு தொடர்புறுத்திப் பேசப்படும் பவணந்தியார்க்கு அவ்வுவமை தொலைவிலிருந்து வந்ததன்று போலும்.

வட்டின் காலம் ஏறத்தாழ முடிந்தது, சிக்கல் முடியவில்லை. தமிழக மேனிலைப் பள்ளிக் கணினி அறிவியற் பாடநூல் 2018இல் பதினோராம் வகுப்பிற்குச் சி++ மொழியையும், 2019இல் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பைத்தான் மொழியையும் கொண்டு புதிதாக வெளிவந்தது. தமிழ்வழிப் பதிப்பில் விளக்கம் தமிழிலும் நிரல் ஆங்கிலத்திலும் அமைந்தன. பின்னட்டை உறைக்கு ஈடாகப் பக்கத்தில் க்யூ.ஆர். குறியீடு அச்சாயிற்று. கைப்பேசியாற் படித்தால் அது இணையத்தின் ஓரிடத்திற்கு அழைத்துச் செல்லும். உறை வெறுமையாதல், முறிதல், களவுபோதல் என்னும் குற்றங்கள் இதற்கில்லை. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பொழுதில் பெறலாம். இது பெரும் பேறே. ஆயினும் அது சுட்டுவது மீண்டும் இடத்தையே. முகவரி மாறின் குறியீடு வாளா கிடக்கும்; மாறியதென்பது அச்சிட்ட பக்கத்திற் தோன்றாது. எடுத்துக்காட்டு நிரலை முழுமையாக அச்சிட்டு, வரியெண் இட்டு, இயக்கிச் சோதித்த நிரல்பெயர்ப்பியின் பெயரையும் பதிப்பையும் அதன் கீழே ஒரு வரியிற் குறித்து, அதன்பின் குறியீட்டை வைப்பின் மேற்கூறிய குறை நீங்கும். பாடநூலின் குறு நிரல்கள் இன்றும் முழுமையாகவே அச்சாகின்றன என்பது மகிழ்தற்குரியது. தமிழில் நிரல் நூல் எழுதப் புகுவோர் நீண்ட நிரல்களிலும் அந்நெறியைக் கைவிடாதிருத்தல் வேண்டும்.

நூலகப் பேழைகளில் உள்ள வட்டுகளைப் பொறுத்தவரை, செய்யத்தக்கது காலத்தோடு கூடிய பணி. குறுவட்டின் பதிவுப் படலம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும்; சேலத்துக் கோடையில் இரும்புப் பேழை அதற்கு ஏற்ற இருப்பிடம் அன்று. படிக்கும் கருவி எஞ்சியுள்ள போதே, பதிப்புரிமை இடந்தருமளவில், கோப்புகளை எடுத்து, நூற்பதிவெண்ணோடு இணைத்து வைத்தல் வேண்டும். அவ்வாறு எடுக்குங்கால் அச்சுப்பாடத்தோடு ஒத்துநோக்கி வேறுபாடுகளைக் குறித்தல் முதுகலை மாணாக்கர் சிலர் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க பணி. சுவடி ஒப்புநோக்கிப் பழகிய தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒருங்கிருந்து இதனைச் செய்யலாம். தொடக்கமாக, தமிழில் வெளிவந்த நிரல் நூல்களுள் வட்டோடு வந்தவை எவை, அவற்றுள் வட்டு எஞ்சியவை எவை என ஓர் அடைவு முதற்கண் தேவைப்படுகிறது.